பித்தக்குழாய் ஸ்டென்ட்: வச்ச ஆஸ்பத்திரி, எடுத்த ஆஸ்பத்திரி, ரெண்டுக்கும் எங்க ரிவ்யூ

மதுரையில ரெண்டு தனியார் ஆஸ்பத்திரியில எங்க வாப்பாவ அட்மிட் பண்ணிருந்தோம். முதல் ஆஸ்பத்திரியில, கல்லீரல்ல இருந்து குடலுக்கு பித்தம் இறங்குற பித்தக்குழாய்க்குள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது அடைப்பு இருந்தாலும் பித்தம் போறதுக்கு ஒரு சின்னக் குழாய், வச்சாங்க, ரெண்டாவது ஆஸ்பத்திரியில அதே ஸ்டென்ட் கீழ இறங்கி குடலைக் குத்தி ஓட்டை போட்டதுக்கு அப்புறம் அத வெளிய எடுத்து ஆளக் காப்பாத்துனாங்க. ரெண்டு ஆஸ்பத்திரியோட பேரையும் நான் இங்க போடல. ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை பக்கம் இருந்து மதுரைக்கு இந்த வைத்தியத்துக்குப் போறவங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எதப் பாத்து எடை போடணும்னு சொல்றதுக்குத்தான் எழுதுறேன். உள்ள வச்ச ஸ்டென்டை எடுக்கிற வரைக்கும் யார் பொறுப்பு எடுத்துக்கிறாங்க, அதத்தான் பாக்கணும். மத்ததெல்லாம், ரூம் சுத்தமா இருக்கா, லிஃப்ட் வேலை செய்யுதா, கேன்டீன்ல இட்லி நல்லாருக்கா, அதுக்குப் பின்னாடிதான்.

நாங்க மண்டபம் பக்கத்துல வேதாளை. வாப்பா மண்டபத்துல விசைப்படகுல போறவங்க. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதுனால எங்க பக்கம் உடம்பு சரியில்லாட்டியும் அதுவரைக்கும் தள்ளிப்போட்டு, அப்பத்தான் டாக்டர்ட்ட போவாங்க, வாப்பாவும் அப்படித்தான். வலது விலா எலும்புக்குக் கீழ வலி, ராத்திரி பூரா உடம்பு அரிப்பு, மூத்திரம் கருமஞ்சளா போகுது, மோஷன் வெளுத்துப் போகுது, இதெல்லாம் இருந்தும் வெளிய சொல்லாம இருந்திருக்காங்க. கண்ணு மஞ்சளா இருக்குன்னு எங்க அக்கா, லாத்தாதான் கண்டுபிடிச்சது. தெருவுல எல்லாரும் கீழாநெல்லி அரைச்சுக் குடுங்கன்னாங்க, ஒரு மாமி வீட்டுக்கே பறிச்சுட்டு வந்துட்டாங்க, நல்ல மனசோடதான். ஆனா மஞ்சக்காமாலைன்னா எல்லாம் ஒண்ணு கிடையாது, கிருமியால வர்றது வேற, கல்லோ கட்டியோ பித்தக்குழாயை அடைச்சு பித்தம் இறங்க வழியில்லாம ரத்தத்துல கலக்கிறது வேற, அடைப்பு இருந்தா எந்த மூலிகையும் அத எடுக்காது, ஸ்கேன் எடுத்துப் பாத்தே ஆகணும். ராமநாதபுரத்துல ஸ்கேன் எடுத்தா பித்தப்பையில கல்லு, அதுல சிலது நழுவி பொதுப் பித்தக்குழாய்க்குள்ள வந்து உக்காந்துருக்கு, குழாய் வீங்கி அகலமாயிருக்குன்னு வந்துச்சு. மதுரைக்குப் போயி எம்ஆர்சிபின்னு பித்தக்குழாயைப் பாக்குற எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து அதையே உறுதி பண்ணுனாங்க.

இப்ப முதல் ஆஸ்பத்திரி. நல்லத முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அந்த டாக்டரோட கைவேலையில எனக்குக் குறை இல்ல. ஈஆர்சிபின்னு சொல்லுவாங்க, வாய் வழியா கேமரா குழாயை இரைப்பைக்கு அடுத்து உள்ள முன்சிறுகுடல் வரைக்கும் இறக்கி, பித்தக்குழாய் வந்து திறக்கிற வாயை லேசா வெட்டி அகலமாக்கி, அது வழியா கல்லை இழுக்கிறது. லேசான வேலை இல்ல, செஞ்சதுக்கு அப்புறம் கணையம் வீங்கிக்கிற ஆபத்து ஒண்ணு உண்டு, அதுக்குன்னு முன்னாடியே ஆசனவாய் வழியா ஒரு மாத்திரை வச்சாங்க, வாப்பாவுக்கு அந்தத் தொந்தரவு வரல. சின்னக் கல்லெல்லாம் வந்துருச்சு, ஒண்ணு மட்டும் பெருசு, வர மாட்டேங்குது, அதனால இப்போதைக்கு பித்தம் இறங்குறதுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கோம்னு சொன்னாங்க. பத்து ஃப்ரெஞ்ச் சைஸ், நீளம் 10 சென்டிமீட்டர், நேரா உள்ளது. மூணு ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர், அப்ப குறுக்களவு மூணே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். ரெண்டு முனையிலயும் நழுவாம இருக்க சின்ன மடல் ஒண்ணு சீவி விட்டுருப்பாங்க. அப்புறம் லேப்ரோஸ்கோப்பியில பித்தப்பையையும் எடுத்தாங்க. கண்ணு மஞ்சள் போச்சு, அரிப்பு போச்சு, பசி எடுத்துச்சு, உம்மா நிம்மதியானாங்க.

குறை இங்கதான் ஆரம்பிக்குது. பிளாஸ்டிக் ஸ்டென்டை சுமாரா மூணு மாசத்துக்குள்ள எடுக்கணும், இல்லாட்டி மாத்தணும், இது உலகம் பூரா உள்ள வழக்கம். உள்பக்கம் கிருமி படலம் மாதிரி ஒட்டி, அது மேல பித்தக் கசடு சேந்து சேந்து அடைச்சுக்கும். உலோக வலை ஸ்டென்ட் அதவிட அகலம், நாளும் கூட தாங்கும், ஆனா அது பெரும்பாலும் புத்துநோய் அடைப்புக்கும் வேற சில காரணத்துக்கும் வைக்கிறது, எல்லாருக்கும் வைக்க மாட்டாங்க. இந்த மூணு மாசக் கணக்கை டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒருத்தரும் வாயால சொல்லல. பில் கட்டுற கவுன்டருக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கும் அங்கிட்டு இங்கிட்டு அலைய விட்டாங்க, சாயங்காலம் கையில ஒரு ஃபைல், ஒரு மாத்திரை கவர், சரி கிளம்புங்கன்னுட்டாங்க. அந்த ஃபைலைப் பின்னாடி நான் விரிச்சு வச்சு ஒவ்வொரு வரியா பாத்தேன், மூணாவது பக்கத்துல, எந்த மாத்திரை எத்தனை வேளைங்கிற கட்டத்துக்குக் கீழ, சின்ன எழுத்துல இங்கிலீஷ்ல ஸ்டென்ட் ரிமூவல் அல்லது எக்ஸ்சேஞ்ச்னு ஒரு வரி, பக்கத்துல தேதி போட வேண்டிய இடம் காலியா இருக்கு. கடல்ல போற மனுஷன் ஒருத்தர், ஒண்ணாங்கிளாஸ்கூட முடிக்காதவங்க, அவங்க உடம்புக்குள்ள இருக்கிற ஒரு பொருளோட கெடு அந்தக் காலி இடம்தான்.

ரிவ்யூவுக்கு வரச் சொன்ன அன்னிக்கும் போனோம். அன்னிக்கு வேற டாக்டர், ரத்த டெஸ்ட்ல பிலிருபின், அதான் மஞ்சக்காமாலை அளவு, நார்மல் ஆயிருச்சு, தையல் ஆறிருச்சு, எல்லாம் நல்லாருக்கு போயிட்டு வாங்கன்னாங்க. ஸ்டென்ட் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, ஆபத்தே அதுலதான் இருக்கு, நோயாளி தானா வந்து நிக்க மாட்டாரு, ஆஸ்பத்திரிதான் கூப்பிடணும். ஒரு போன், ஒரு மெசேஜ், ஒண்ணும் வரல. ஆனா அதே ஆஸ்பத்திரியில இருந்து முழு உடம்பு செக்கப் ஆஃபர்னு என் நம்பருக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு, அத நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

வாடைக்காத்து ஆரம்பிச்ச சமயம் வாப்பாவுக்கு வலது பக்கம் முதுகுல வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம். வல இழுத்த வலின்னு தைலம் தேச்சுக்கிட்டாங்க, ராத்திரி போர்வை ரெண்டு போட்டும் நடுக்கம் நிக்கல. காலையில அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன், ஸ்டென்ட் வச்ச டாக்டர் இப்ப இங்க இல்ல, அடுத்த வாரம் ஓபி டோக்கன் போட்டுத் தர்றேன்னு ரிசப்ஷன்ல சொன்னாங்க. ஸ்டென்ட் வச்ச ஆளுக்குக் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தா அது பித்தக்குழாய் சீழ் பிடிக்கிறதா இருக்கலாம், அதுகூட கண்ணு மஞ்சளும் மேல்வயித்து வலியும் சேந்துச்சுன்னா 1877-லயே சார்க்கோட்ங்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதி வச்ச அடையாளம் அது, மயக்கமும் பிரஷர் இறங்குறதும் சேந்தா உயிருக்கே ஆபத்து. டோக்கன் குடுக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்லல, ஆனா ஸ்டென்ட், காய்ச்சல்னு ரெண்டு வார்த்தை காதுல விழுந்தா உடனே ஒரு டூட்டி டாக்டர்ட்ட லைனைக் குடுக்கணும்னு அந்தப் பிள்ளைக்கு சொல்லிக் குடுத்திருக்கணுமா இல்லையா?

108-ல ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த டூட்டி டாக்டர், சின்ன வயசுதான், வயித்துத் தழும்பைப் பாத்துட்டு முதல் கேள்வியே உள்ள ஸ்டென்ட் இருக்கான்னுதான் கேட்டாரு. எக்ஸ்ரேயில ஸ்டென்ட் இருக்க வேண்டிய இடத்தைவிட கீழ இறங்கி நிக்குதுன்னு காட்டுனாரு, ஆன்டிபயாடிக் போட்டு, ட்ரிப்ஸ் ஏத்தி, வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க, குடல் டாக்டர் உள்ள இடத்துக்கு இப்பவே கிளம்புங்கன்னு லெட்டர் எழுதிக் குடுத்தாரு. பரமக்குடி தாண்டுனா நாலுவழிச் சாலை, அதனால வண்டி நின்னு நின்னு போகாம நேரா போயிருச்சு.

ரெண்டாவது ஆஸ்பத்திரி. கேஷுவாலிட்டியில பணம் கட்டுன ரசீதைக் கேக்குறதுக்கு முன்னாடி ஆளை உள்ள எடுத்தாங்க, அதுக்கே நான் மரியாதை குடுப்பேன். வயிறு கல்லு மாதிரி இறுகல, சாதாரணமா அமுக்குனா மெத்துனுதான் இருந்துச்சு, நெஞ்சு எக்ஸ்ரேயிலயும் உதரவிதானத்துக்குக் கீழ காத்து தெரியல, குடல் ஓட்டையானா வழக்கமா தெரியிற அடையாளம் ரெண்டும் இல்ல. வேற இடமா இருந்தா இன்ஃபெக்ஷன்னு மட்டும் சொல்லி மருந்து ஓட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். இவங்க ஸ்டென்ட் உள்ள ஆளு, முதுகு வலின்னு சொல்றாருன்னு அந்த ராத்திரியே சிடி ஸ்கேன் எடுத்தாங்க, அதுல வலது கிட்னியைச் சுத்தி குட்டிக் குட்டிக் காத்துக் குமிழ் இருந்துச்சு. முன்சிறுகுடல்ல அந்தப் பகுதி வயித்துக்குப் பின்சுவரோட ஒட்டி இருக்கிறது, அங்க ஓட்டை விழுந்தா காத்து முன்னாடி வராம முதுகுப் பக்கம்தான் போகும், அதான் வயிறு இறுகல, முதுகு வலிச்சிருக்கு.

குடல் டாக்டர் ஒரு அம்மா. லாத்தாவையும் என்னையும் உக்கார வச்சு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாங்க. பித்தக்குழாய் வீக்கம் வத்துன பிறகு ஸ்டென்டைப் பிடிச்சுக்கிட்டிருந்த பிடி தளரும், நேரா உள்ள ஸ்டென்ட் மெதுவா கீழ நழுவும், முழுசா நழுவுனா பெரும்பாலும் மோஷன்லயே வெளிய போயிரும், யாருக்கும் தெரியக்கூட தெரியாது. உங்க வாப்பாவுக்கு மேல உள்ள மடல் குழாய்க்குள்ள மாட்டிக்கிச்சு, கீழ் முனை நீளமா வெளிய வந்து குடலோட எதிர்ச்சுவத்துல இடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, குடல் அந்த இடத்துல விலகிக் குடுக்க முடியாது, இடிச்சு இடிச்சு புண்ணாகி ஓட்டையாயிருச்சுன்னாங்க. ஸ்டென்ட் இடம் மாறுறது நூத்துக்கு அஞ்சு பத்து பேருக்கு நடக்கிறதுதான், ஆனா குடலைத் துளைக்கிறது நூத்துல ஒருத்தருக்கும் கம்மி. லாத்தா வேற என்னெல்லாம் ஆகும்னு கேட்டுச்சு, அதுக்கும் கோவப்படாம பதில் சொன்னாங்க. மேல் பக்கமா நழுவி கல்லீரல் குழாய்க்குள்ள போயிரும், அப்ப எடுக்கிறது கஷ்டம். கீழ இறங்கிப் போனது, பெருங்குடல் சுவத்துல சின்னச் சின்னப் பை உள்ளவங்களுக்கு அங்க சிக்கி குத்தும், அபூர்வமா மூத்திரப்பை வரைக்கும் வழி பண்ணிரும். குடலிறக்கம் உள்ளவங்களுக்கும் முன்னாடி ஆபரேஷன் ஆகி குடல் ஒட்டிக்கிட்டவங்களுக்கும் வழியிலயே மாட்டிக்கும். சிலருக்கு ரத்தக்குழாயை உரசி உள்ளுக்குள்ள ரத்தம் கசியும், மோஷன் கருப்பா போகும். வருஷக்கணக்குல மறந்துபோயி விட்டவங்களுக்கு ஸ்டென்டைச் சுத்தியே கல்லு வளந்து ரெண்டும் ஒண்ணாயிரும், இல்லாட்டி ஸ்டென்ட் ஒடஞ்சு துண்டாயிரும். இப்படி இருபது நிமிஷம் உக்காந்து பேசுன டாக்டரை எங்க ஊர்ல இருந்து போன யாரும் பாத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது, நான் பாத்தேன்.

கையெழுத்து வாங்குன பேப்பர் தமிழ்ல இருந்துச்சு. முதல்ல எண்டோஸ்கோப்பியில ஸ்டென்டை எடுத்து ஓட்டையை கிளிப் போட்டு மூடிப் பாப்போம், முடியலன்னா வயித்தைத் திறந்துதான் தைக்கணும், சர்ஜன் பக்கத்துலயே நிப்பாருன்னு ரெண்டு வழியையும் முன்னாடியே சொல்லிட்டாங்க. கிளிப்பே பிடிச்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ். எடுத்ததை ஒரு ஸ்டீல் தட்டுல வச்சு வெளிய கொண்டுவந்து காட்டுனாங்க. பேனா ரீஃபிலை விட கொஞ்சம் தடிப்பு, நீல நிறத்துல இருந்திருக்கும் போல, இப்ப பாதிக்கு மேல பழுப்பேறி கருத்துப் போயி, ஓட்டைக்குள்ள மணல் மாதிரி கசடு, ஒரு பக்க மடல் வளஞ்சு நிக்குது. இது உள்ள இருந்துக்கிட்டா வாப்பா வல இழுத்தாங்கன்னு உம்மா அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அதுக்கப்புறம் வாய்க்கு ஒண்ணும் கிடையாது, மூக்கு வழியா குழாய் போட்டு கிளிப்பைத் தாண்டி கீழ்க்குடல்லதான் கஞ்சி மாதிரி இறக்குனாங்க, ஆன்டிபயாடிக் ஓடிக்கிட்டே இருந்துச்சு, திரும்ப சிடி எடுத்து கசிவு இல்லைன்னு உறுதியானப்புறம்தான் தண்ணி. வார்டு சிஸ்டருங்களை பத்தி தனியா சொல்லணும். வாப்பா படுத்துக்கிட்டே தொழணும்னு சொன்னாங்க, ஒரு சிஸ்டர், கன்னியாகுமரிப் பக்கத்துப் பொண்ணு, கிப்லா, அதான் தொழும்போது பாக்குற திசை, எந்தப் பக்கம்னு என்கிட்ட கேட்டு, ட்ரிப்ஸ் ஸ்டாண்டை இந்தப் பக்கம் மாத்தி, கட்டிலைத் திருப்பிப் போட்டுக் குடுத்துச்சு. ஊசி போட வரும்போதெல்லாம் "பாய், தொழுது முடிச்சிட்டீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரும்.

குழாய்ல மிச்சம் இருந்த அந்தப் பெரிய கல்லை உடனே தொடல, உடம்பு தேறட்டும்னு விட்டு, பிறகு வரச்சொல்லி உள்ளயே ஒரு கூடை வச்சுப் பிடிச்சு நொறுக்கி எடுத்தாங்க, பலூன் ஓட்டி குழாய் காலின்னு படம் எடுத்துக் காட்டுனாங்க, ஸ்டென்ட் வைக்கல, தேவையில்லைன்னாங்க. அந்த இடைவெளியில மூணு தடவையாவது அவங்க பக்கம் இருந்தே போன் வந்துருக்கும். அங்க ஸ்டென்டுக்குன்னே தனி ரிஜிஸ்டர் வச்சிருக்காங்க, யாருக்கு என்னைக்கு வச்சது, என்ன வகை, எப்ப எடுக்கணும்னு, அதப் பாத்துக் கூப்பிடுறதுக்கு ஒரு ஆளு. பக்கத்து பெட்ல இருந்த பரமக்குடி அண்ணனுக்கு ஸ்டென்ட் வச்சாங்க, அவருக்கு டிஸ்சார்ஜ் அன்னிக்கு தமிழ்ல ஒரு அட்டை, எடுக்க வேண்டிய தேதி பெருசா எழுதி, கூட வந்த அவரு வீட்டுக்காரம்மா நம்பரையும் மகன் நம்பரையும் வாங்கி எழுதிக்கிட்டாங்க. இதுக்கு மெஷின் வேணாம், கோடி ரூபா வேணாம், ஒரு நோட்டும் ஒரு போனும் போதும், முதல் ஆஸ்பத்திரியால இத செய்ய முடியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ரெண்டாவது ஆஸ்பத்திரியிலயும் குறை உண்டு. ராத்திரி பார்மசியில ஒரே ஒரு ஆளு, கியூ வாசல் வரைக்கும் நிக்குது, அவசர மருந்துக்கும் அதே கியூதான். கூட இருக்கிறவங்க படுக்கிற ஹால்ல கொசு பிச்சு எடுக்குது, பொம்பளைங்களுக்குத் தனி இடம் இல்ல, லாத்தா சேர்லயே உக்காந்து தூங்குச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா எது அதுல வரும் எது நம்ம கையில இருந்து கட்டணும்னு டெஸ்க்ல முன்னாடியே தெளிவா சொல்ல மாட்டேங்கிறாங்க, கடைசி நாள்ல பில்லப் பாத்துத்தான் தெரியுது, உம்மா நகை ஒண்ணு அடகுக்குப் போச்சு.

மார்க் போடணும்னா முதல் ஆஸ்பத்திரிக்கு அஞ்சுக்கு ரெண்டு, அந்த ரெண்டும் ஈஆர்சிபி செஞ்ச கைக்கு. ரெண்டாவதுக்கு நாலரை, அரை மார்க் பார்மசிக்கும் கொசுவுக்கும் கழிச்சாச்சு.

நம்ம பக்கத்துல இருந்து போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி வார்டுலயே நின்னு கேளுங்க, உள்ள ஸ்டென்ட் இருக்கா இல்லையா, பிளாஸ்டிக்கா உலோகமா, நேரானதா ரெண்டு முனையும் சுருண்டதா, எந்தத் தேதியில எடுக்கணும், அன்னிக்கு இந்த டாக்டர் இல்லாட்டி யாரு எடுப்பாங்க, ராத்திரி காய்ச்சல் வந்தா எந்த நம்பர். சுருண்டது நேரானதை விட நழுவுறது கம்மின்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க, கேட்டா காரணத்தோட சொல்லுவாங்க, கேக்கிறது நம்ம உரிமை. தேதியை அவங்க கையாலயே ஃபைல் முதல் பக்கத்துல எழுதச் சொல்லுங்க, எழுதித் தராம நகராதீங்க. ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் கொண்டு போகாம ஃபிலிமையும் அது பதிஞ்ச சிடி டிஸ்க்கையும் எடுத்துட்டுப் போங்க, அங்க போயி திரும்ப எடுக்கச் சொன்னா காசு தண்டம். ஓபி காலையில சீக்கிரமே டோக்கன் முடிஞ்சிருது, ராமநாதபுரத்துல இருந்து விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு மாட்டுத்தாவணி இறங்குனா சரியா இருக்கும். எந்த ஆஸ்பத்திரின்னு தனியா தெரியணும்னா மெசேஜ் பண்ணுங்க, ரெண்டாவதோட பேரு மட்டும் சொல்றேன்.